பந்து வெளியே போகும் வரை

ஸஹீதா நன்றாகத்தான் அழுதாள். ஆனால் வீட்டை விட்டுப் போன மகனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தக்ஷாயினிக்கு அதுதான் உறுத்தியது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். அந்த வேலையை விட்டுவிட்டுப் புளியந்தீவில் ஒரு மாடியறை எடுத்துத் துப்பறியத் தொடங்கியிருந்தாள். பிள்ளையைத் தேடும் தாய்மாரை இந்த மாவட்டத்தில் அவள் நிறையவே பார்த்திருக்கிறாள். வாசலில் யார் வந்து நின்றாலும் அவர்கள் முதலில் கேட்பது ‘எங்கயாவது கண்டீங்களா?’ என்றுதான். ஸஹீதா கேட்டது, தேத்தண்ணிக்குச் சீனி போடலாமா என்று மட்டும்.

“மாமி, றிப்ஷான்ட அறைய ஒருக்காப் பார்க்கலாமா?” என்றாள் ஸாலிஹா. ஏறாவூர்க்காரி. தக்ஷாயினியின் உதவியாளர், ஸ்கூட்டிச் சாரதி, வாய் ஓயாத துணை.

அறையில் ஒரு கட்டில், சுவரில் ஓர் ஆணி. ஆணியில் அலையொளி விளையாட்டுக் கழகத்தின் ஒன்பதாம் இலக்க ஜேர்சி தொங்கியது. கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்த பழைய பூட்ஸில் அடிப்பாகம் தேய்ந்து கிழிந்திருந்தது.

“பூட்ஸ் மௌத்தாப் போய்ட்டு. ஜேர்சி இன்னும் பொறக்கவே இல்ல” என்றாள் ஸாலிஹா.

சிரிக்கும் நிலையில் தக்ஷாயினி இல்லை. அலையொளிக் கழகத்தின் தலைவர் மஜீட் ஹாஜியார் இந்த வாரத் தொடக்கத்தில் அவளிடம் வந்திருந்தார். பெரிய ஹாட்வெயார் கடைக்காரர். “பொடியன் கெட்ட சகவாசத்துல மாட்டிட்டான் மகள். உம்மா சோறு தண்ணி இல்லாமக் கிடக்கா. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தி தேடித் தாங்க” என்றார். இன்று சனிக்கிழமை. கூட்டாளிகள், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, கடற்கரை வாடி எல்லாம் தேடியாயிற்று. றிப்ஷானின் பெயரைச் சொன்னதும் எல்லா வாயும் மூடிக்கொண்டது. பத்தொன்பது வயது ஆட்டக்காரன் ஒருவனை ஓர் ஊரே விழுங்கி ஏப்பம் விட்டதுபோல இருந்தது.

குசினி வாசலைக் கடக்கும்போது தக்ஷாயினி நின்றாள். மேசையில் ஒரு தயிர்ச் சட்டி. வாயைக் கடதாசியால் மூடிக் கட்டியிருந்தார்கள். கட்டியிருந்தது நூலால் அல்ல. தட்டையான, நீளமான, வெள்ளைப் பின்னலால். இரண்டு முனைகளிலும் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது.

“தயிர் எங்கால?”

ஸஹீதா அழுகையை நிறுத்தினாள். “சந்தையில வாங்கின.”

வெளியே வந்ததும் ஸாலிஹா கேட்டாள். “என்னக்கா அது?”

“பூட்ஸ் லேஸ். தயிர் விக்கிற ஆக்கள் அதால கட்டுவாங்களா? கைக்கு வேற நூல் அகப்படாத ஒருத்தன் கட்டியிரிக்கான். லேஸக் கழட்டிக் குடுத்தவனுக்கு இப்ப பூட்ஸ் தேவையில்ல.”

“வெறுங்காலால விளையாடுறானா?”

“எங்க எண்டுதான் தெரியணும்.”

“தயிரிட்டக் கேப்பம்” என்று ஸாலிஹா ஸ்கூட்டியை உதைத்தாள்.

செங்கலடிச் சந்தையில் சட்டி பானை விற்கும் புஸ்பம், ஸாலிஹா கைபேசியில் எடுத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சட்டி என்ட. கட்டு என்ட இல்ல.”

“ஆரு இந்தச் சட்டி வாங்குற?”

“கன பேர் வாங்குறாங்க. ஆனா இப்பிடிக் கழுத்துச் சின்னதாக் கேட்டு வாங்குறவர் தங்கராசாதான். பதுளை ரோட்டால போங்க. குளத்துக்கு இஞ்சால எருமப் பட்டி வச்சிருக்கார். பந்தடிக்கும் கோச் குடுக்கிறவர்.”

அந்த நேரம் பார்த்து ஹாஜியாரின் அழைப்பு வந்தது. காலையிலிருந்து ஓயாமல் எடுத்துக்கொண்டிருந்தார். வெயிலும் எரிச்சலும் தலைக்கேறியிருந்த தக்ஷாயினி, அந்த வாயை அடைத்தால் போதும் என்று, “செங்கலடியில நிக்கிறம் ஹாஜியார். பதுளை வீதிப் பக்கம் தடயம் கிடைச்சிரிக்கு” என்றாள்.

“அல்ஹம்துலில்லாஹ். கண்டா நீங்க அவனோட ஒண்டும் கதைக்க வேணாம். நான் வந்து நாலு பேருக்கு முன்னால, வாயால கூப்பிடுவன்.”

அழைப்பு அறுந்தது. தக்ஷாயினி கைபேசியையே பார்த்தாள். காணாமல் போனவனைக் கண்டால் கட்டிப்பிடிப்பார்கள். அல்லது கன்னத்தில் அறைவார்கள். நாலு பேருக்கு முன்னால் வாயால் கூப்பிடுவது என்ன வழக்கம்?

பதுளை வீதியோரம், சிறுபோக அறுவடை முடிந்த வயல்வட்டை அது. வரம்பை வெட்டித் தட்டி, கம்பு நட்டு இரண்டு கோல்கள் செய்திருந்தார்கள். வைக்கோல் தூள் பறக்க இளைஞர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் ஓடுவதாகவே தெரியவில்லை. பந்துதான் அவனைத் தேடித் தேடி வந்தது. வெறுங்காலின் உள்பக்கத்தால் அதைத் தொட்டு, எதிரில் வந்தவனைக் கடந்து, திரும்பிப் பார்க்காமலே கோலுக்குள் தள்ளிவிட்டான்.

“அல்லாஹ்வே” என்றாள் ஸாலிஹா. அதற்குமேல் ஒரு பகிடியும் அவள் வாயில் வரவில்லை.

தக்ஷாயினி வரம்பில் நின்று கூப்பிட்டாள். “றிப்ஷான்! தயிர் உம்மாட்டப் போய்ச் சேந்திட்டு.”

அவன் அப்படியே நின்றான். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. “ஹாஜியார் அனுப்பினவரா?”

“ஓம். உன்னக் காணாம உம்மா அழுறா எண்டு சொன்னார்.”

“உம்மாதான் என்னப் போகச் சொன்ன.”

எருமைகளைக் கட்டிவிட்டு வந்த தங்கராசா இடையில் புகுந்தார். நாற்பதைத் தாண்டிய, வெயிலில் காய்ந்த மனிதர். இந்த வட்டையில் விளையாடிய நெல்மணிக் கழகத்தின் பயிற்றுநர். “அவனோட ஏன் கதைக்கிறீங்க? என்னோட கதையுங்க. இவன் எத்தின மெட்ச் விளையாடியிருக்கான் தெரியுமா?”

“மடிப்புக் கலையாத ஜேர்சியப் பாத்தன். விளையாட இறங்காம வெளி வாங்குலதான் குந்தியிருந்திரிப்பான்.”

“வந்த நாளில இருந்து வாங்குலதான். லீக்ல ஒரு கழகத்துல பதிஞ்சா, அந்தக் கழகம் விடுறன் எண்டு சொல்லுறவரைக்கும் வேற கழகத்துக்கு விளையாட ஏலாது. மஜீட் ஹாஜியார் இந்தப் பக்கத்துல நல்லா விளையாடுற பொடியனெல்லாத்தயும் பதிஞ்சி வச்சிரிக்கார். எங்கட ஊர்ப் பொடியனுகளும் அதுல இரிக்கானுகள்.”

“விளையாட விடாம என்னத்துக்கு வச்சிருக்கார்?”

“அவருக்கு விளையாட இல்ல புள்ள. எங்களுக்கு விளையாடாம இரிக்க.”

கச்சான் காற்று சூடாக அடித்தது. தங்கராசா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். லீக்கில் ஒரேயொரு வாசல் திறந்திருந்தது. ஒரு பருவம் முழுவதும் ஒரு தடவைகூட மைதானத்தில் இறக்கப்படாத வீரன், தன்பாட்டில் விடுதலையாகிவிடுவான். அந்த வாசலையும் அடைக்க ஹாஜியார் வழி கண்டுபிடித்திருந்தார். வாங்கில் இருக்கும் ஒவ்வொருவனையும் ஏதாவது ஒரு போட்டியில் கடைசி நிமிஷத்தில் இறக்குவார். பந்தைத் தொடுவதற்குள் விசில் ஊதிவிடும். ஆனால் அவன் விளையாடியதாக ஆகிவிடும். அடுத்த பருவமும் அவரிடமே கட்டுப்பட்டிருப்பான்.

“இந்த முற மத்தவங்களெல்லாருக்கும் அந்த நிமிஷத்தக் குடுத்து முடிச்சிட்டார். நான் மட்டும்தான் மிச்சம்” என்றான் றிப்ஷான். “நாளைக்குக் கடைசி மெட்ச். நாளைக்கு நான் இறங்காட்டி விடுதலை. கொழும்புக் கழகம் ஒண்டு வரச் சொல்லியிரிக்கி.”

“கூப்பிட்டா வரமாட்டன் எண்டு சொல்லன்” என்றாள் ஸாலிஹா.

“சாட்சியோட நேருல கூப்பிட்டுப் போகாட்டி ரெண்டு வருஷத் தடை. கூப்பிட ஆள் அகப்படாட்டி ஒண்டும் செய்ய ஏலாது.”

தக்ஷாயினிக்கு ஹாஜியாரின் சொல் இப்போதுதான் விளங்கியது. நாலு பேருக்கு முன்னால், வாயால். அவள் தேடிக்கொண்டிருந்தது காணாமல் போனவனை அல்ல, ஒளிந்து தப்பித்துக்கொண்டிருந்தவனை. தப்பிக்க இன்னும் ஒரேயொரு நாள் மிச்சமிருந்தது. அந்த ஒரு நாளைத்தான் அவளுடைய கெட்டித்தனம் கெடுத்திருந்தது.

“ஓடு” என்றாள். “நான் ஹாஜியாருக்கு இந்த ரோட்டச் சொல்லிட்டன். ஓடு!”

அவன் குனிந்து பூட்ஸை எடுப்பதற்குள் வெள்ளை வான் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரம்பருகில் வந்து நின்றது. மஜீட் ஹாஜியார் இறங்கினார். பின்னால் கழக நிருவாகிகள் இருவர். சாட்சிகள்.

“றிப்ஷான், நாளைக்கு மெட்சுக்கு வா. கழகம் உன்னக் கூப்பிடுது” என்றார். குரலில் கோபமே இல்லை. பிறகு தக்ஷாயினியைப் பார்த்துத் தலையசைத்தார். “நல்ல வேல செஞ்சீங்க மகள்.”

“நீங்க எனக்குப் பொய் சொன்னீங்க.”

“உம்மா அழல்லயா?”

“ஆளக் கட்டி வச்சி என்ன கப் எடுக்கிறீங்க ஹாஜியார்? இவன் உங்கட கழகத்துல இருந்து கொழும்புக்குப் போனா உங்களுக்குத்தானே பேர்?”

முதன்முறையாக அவர் முகம் சிவந்தது. “பேரா? இவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் குடுத்தது ஆரு? கால் முறிஞ்சப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது ஆரு? இவனுக்கு முந்தி ஒருத்தன வளத்தன். கொழும்பாக்கள் வந்தாங்க, சும்மா தூக்கிட்டுப் போனாங்க. வளத்தவனுக்கு ஒரு பழைய பந்தாவது தந்தாங்களா? ஆள விட்டா எனக்கு என்ன மிஞ்சும்? வெறும் மைதானம்!”

“அப்ப வளத்ததுக்கு ஈடு கேளுங்க. லீக்கோட சண்ட பிடியுங்க. அவன்ட கால ஏன் கட்டுறீங்க?”

“லீக்கோட சண்ட பிடிச்சவன் ஆரும் இதுவரைக்கும் கப் எடுக்கல்ல” என்றார் ஹாஜியார், வானில் ஏறிக்கொண்டே.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் தக்ஷாயினியை இன்னும் எரித்தது.

மறுநாள் பின்னேரம் வாவிக்கரை மைதானத்தில் ஊர் திரண்டிருந்தது. அலையொளிக்கும் நெல்மணிக்கும் பருவத்தின் கடைசிப் போட்டி. சமநிலையில் முடிந்தாலே கிண்ணம் நெல்மணிக்கு. ஆனால் அலையொளி ஒரு கோலால் முன்னால் நின்றது. நெல்மணி இளைஞர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாக்கிக்கொண்டிருந்தார்கள். கச்சான் காற்று பந்தைத் தண்ணீர்ப் பக்கம் தள்ள, அது அடிக்கடி வாவிக்குள் போய் விழுந்தது.

தக்ஷாயினிக்கு அங்கே வர மனமில்லை. வராமல் இருக்கவும் முடியவில்லை.

“வீட்ட போவம் அக்கா. எங்களால ஏலுமான கெடுதியெல்லாம் செஞ்சாச்சி” என்றாள் ஸாலிஹா. பகிடிபோல ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்தது.

கடைசி நிமிஷங்கள். ஹாஜியார் கையசைத்தார். ஒன்பதாம் இலக்க ஜேர்சியுடன் றிப்ஷான் வாங்கிலிருந்து எழுந்து, நடுக்கோட்டருகே வந்து நின்றான். தலை குனிந்திருந்தது. உதவி நடுவர் அவனுடைய பூட்ஸைப் பார்த்துவிட்டு, ஆள் மாற்றும் பலகையை உயர்த்தினார்.

உயர்த்தியவர் அப்படியே நின்றார். றிப்ஷானும் நின்றான்.

“ஏன் இன்னும் உள்ளுக்குப் போகல்ல?” என்று தக்ஷாயினி கேட்டாள்.

“பந்து ஓடிட்டிரிக்கில்லயா? வெளிய போய், ஆட்டம் நிண்டாத்தான் ஆள மாத்தலாம்” என்றாள் ஸாலிஹா.

தக்ஷாயினி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த கணம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றி, மறுபக்கம் ஓடினாள். சனம் சிரித்தது. அவள் தங்கராசாவின் பக்கத்தில் போய் மூச்சு வாங்கினாள்.

“அண்ணன், முடியுறவரைக்கும் பந்து வெளிய போகாட்டி?”

தங்கராசாவுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் முகம் இறுகியது.

“ஒரு கோல் அடிச்சா எங்களுக்குக் கப் புள்ள.”

“கோல் அடிச்சாலும் ஆட்டம் நிக்கும்.”

“தெரியும்.” அவர் குரல் உயர்ந்தது. “தெரியும்! எத்தின வருஷமா இந்தக் கப்புக்கு இந்தப் பொடியனுகள் புழுதி தின்னுறானுகள் எண்டும் எனக்குத் தெரியும். அவன் விடுதலையானாலும் எங்களுக்கா விளையாடப் போறான்? கொழும்புக்குப் போயிடுவான்.”

அதற்குமேல் கேட்கத் தக்ஷாயினிக்கு உரிமை இல்லை. தங்கராசா எதிர்ப்பக்க வாங்கைப் பார்த்தார். அங்கே ஹாஜியார் பதிந்து வைத்த அவருடைய ஊர்ப் பொடியன்கள் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் துவாயைத் தரையில் எறிந்தார்.

“டேய்! பந்த வெளிய விடாதீங்கடா! அடிக்க வேணாம்! வச்சிருங்க!”

நெல்மணியின் முன்கள வீரன் அப்போது கோலுக்கு நேரே நின்றான். காலில் பந்து, எதிரில் கோல்காப்பாளன் மட்டும். அவன் தங்கராசாவைப் பார்த்தான். நடுக்கோட்டில் நின்ற றிப்ஷானைப் பார்த்தான். முகம் கோணியது. ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லிக்கொண்டே பந்தைத் திருப்பித் தன் பின்வரிசைக்குத் தட்டிவிட்டான்.

சனம் கூக்குரலிட்டது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி பந்தைத் தங்களுக்குள்ளே உருட்டிக்கொண்டிருந்தது. காற்று அதை வாவிப் பக்கம் தள்ளத் தள்ள, ஒருவன் கோட்டில் விழுந்து புரண்டு காலால் தடுத்தான்.

ஹாஜியாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. “பந்த எடுத்து வெளிய அடி றிஷாட்!”

அலையொளியின் அணித் தலைவன் றிஷாட் பாய்ந்து பந்தைப் பறித்தான். தக்ஷாயினி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு உதை போதும்.

உதைச் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது றிஷாட் பந்தின் மேல் கால் வைத்து நின்றான். அவனும் முன்பு அந்த வாங்கில் உட்கார்ந்து வருஷங்களைத் தொலைத்தவன்தான்.

“அடிடா! இல்லாட்டி விழு! காயம் எண்டு விழுடா!”

றிஷாட் விழவில்லை. பந்தை மெதுவாக நெல்மணி வீரனிடம் தட்டிவிட்டான். அவன் திரும்பவும் றிஷாட்டிடமே அனுப்பினான். இரண்டு நிற ஜேர்சிகளுக்கும் நடுவில் பந்து போய் வந்தது. சத்தம் போட்ட சனம் மெல்ல மெல்ல அடங்கியது. உதவி நடுவர் பலகையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

நீண்ட விசில் ஊதியது.

றிப்ஷானின் பூட்ஸ் நுனி கோட்டுக்கு வெளியே இருந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே குந்திவிட்டான்.

அலையொளி வென்றது. கிண்ணத்தை ஹாஜியார் வாங்கினார். பக்கத்தில் நின்று படமெடுக்க அவருடைய வீரர்கள் யாரும் வரவில்லை. அவர் தக்ஷாயினியிடம் வந்தார். “நீங்க ஆருட ஆள்?”

“நேத்து வரைக்கும் உங்கட ஆள் ஹாஜியார்.”

அவர் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வானை நோக்கி நடந்தார்.

மறுபக்கத்தில், கோலடிக்காமல் திரும்பிய வீரன் புல்லில் மல்லாந்து கிடந்து அழுதுகொண்டிருந்தான். றிப்ஷான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். தங்கராசா வந்து றிப்ஷானின் தோளில் ஒரு அடி வைத்தார். வலிக்கும்படியாகவே வைத்தார். “கொழும்புக்குப் போய் வாங்குல குந்தினாய் எண்டு கேள்விப்பட்டனோ, வந்து காலை முறிப்பன்.”

தக்ஷாயினியின் கண் அலையொளியின் வாங்குப் பக்கம் போனது. மற்றவர்கள் இன்னும் அங்கேயே இருந்தார்கள். இந்தப் பருவத்தின் அந்த ஒரு நிமிஷத்தை அவர்கள் எல்லோருமே விளையாடி முடித்திருந்தார்கள்.

“இவங்களுக்கு என்ன அக்கா செய்யிற?” என்றாள் ஸாலிஹா.

“லீக் கூட்டம் எப்ப எண்டு விசாரி. இப்பிடிப் பந்த உருட்டி ஒருத்தனத்தான் களவெடுக்கலாம். மத்தவங்களுக்கு விதிய மாத்தணும்.”

“விதிய மாத்த ஏலாதெண்டுதானே எல்லாரும் சொல்லுற?”

“அது தலையில எழுதினது” என்றாள் தக்ஷாயினி, சேலையில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டே. “இது நாலு பேர் கூட்டத்துல இருந்து எழுதினது. ஸ்கூட்டிய எடு.”